மூக்கு – ஒன்று

காலை நேரத்தில் அந்த வீட்டில் வெங்காயம் வதக்கியது அதுதான் முதல் தடவை. அண்ணி வேண்டுமென்றேதான் வதக்கினார். மூக்குக்காரர் அடுப்புக்கு ஒரு கை தூரத்தில் நின்று சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். வெங்காயம் சிவந்து, ஓரம் கருகி, புகை கிளம்பியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

"என்னங்க, ஒண்ணும் தெரியலையா?"

"என்ன தெரியணும்?"

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் அவர்களுக்கு எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கிறவன். இதில் பாதி நான் பார்த்தது, பாதி அண்ணி சொன்னது. எது எந்தப் பாதி என்று பிரித்து எழுதத்தான் நினைத்தேன். எல்லா இடத்திலும் முடியவில்லை.

மூக்குக்காரர் என்பது தெரு வைத்த பெயர். குடிநீர் அலுவலகத்தின் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரை மோந்து பார்ப்பது அவர் வேலை. தண்ணீரில் உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று சொல்லக் கருவிகள் இருக்கின்றன. நாற்றம் எவ்வளவு என்று சொல்ல அந்தக் கூடத்தில் அவர் மட்டும்தான் இருந்தார். நாற்றத்தைக் கண்டுபிடிக்கும் இயந்திரம் ஒன்றும் வாங்கி வைத்திருந்தார்கள். அதன் மின்செருகி சுவரில் இருந்த துளைக்குப் பொருந்தாததால் அது பெட்டியோடு கிடங்குக்குப் போய்விட்டது. செருகியை மாற்றினால் உத்தரவாதம் போய்விடும் என்றார்கள். உத்தரவாதக் காலம் முடியட்டும் என்று காத்திருந்தார்கள். முடிந்த பிறகு, உத்தரவாதம் இல்லாத இயந்திரத்தை யாரும் தொடக்கூடாது என்று விதி வந்தது.

அதனால் எல்லாம் இவர் மூக்குதான். மாதிரித் தண்ணீர் கண்ணாடிக் குப்பிகளில் வரும். வெந்நீர்த் தொட்டியில் வைத்து இளஞ்சூடாக்குவார். மூடியைத் திறந்து சிறுசிறு மூச்சாக இரண்டு தடவை இழுப்பார். பிறகு கரியில் வடிகட்டிய நாற்றமில்லாத நீரை மோந்து மூக்கைத் துடைத்துவைத்த மாதிரி ஆக்கிக்கொண்டு அடுத்த குப்பிக்குப் போவார். பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை ஓர் எண். பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை. ஒன்று, ஈர மண். மூன்று, நாளான பூச்சட்டித் தண்ணீர். ஐந்து, செத்த எலி.

அந்த வேலையை உண்டாக்கிய காலத்தில் புதிதாக ஆள் எடுக்கத் தடை இருந்ததாம். கருவி வாங்கத் தடையில்லை. எனவே ஒரு கருவி வாங்கினார்கள். கருவிப் பதிவேட்டில் தராசுக்கும் வெப்பமானிக்கும் நடுவில் 'மூக்கு – ஒன்று' என்று ஏறியது. நிலை: நன்று. தயாரிப்பாளர் என்ற இடத்தில் அவருடைய அப்பா பெயரை எழுதினார்கள். வருடம் ஒருமுறை அளவு சரிபார்த்து, தராசுக்கு ஒட்டுகிற மாதிரியே ஒரு வில்லையைக் கொடுப்பார்கள். அதை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் அடையாள அட்டையின் பின்புறம் ஒட்டிவைத்திருந்தார்.

இப்படிப்பட்ட மூக்கோடு குடும்பம் நடத்துவது லேசான காரியமில்லை. வீட்டில் வாசனைச் சோப்பு கிடையாது. தலைக்கு வாசனை எண்ணெய் கிடையாது. அவர் வேலைக்குக் கிளம்பும்வரை தாளிப்பு, வறுவல், பூண்டு ஒன்றும் கிடையாது. காலையில் வெறும் ரொட்டி, அவித்த முட்டை, பால். "எனக்குக் கல்யாணம் ஆனது அவரோட இல்ல தம்பி, அவர் மூக்கோட" என்று அண்ணி சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்ததாகத்தான் எனக்குப் பட்டது. தெருவில் யார் வீட்டில் என்ன சமையல் என்று மூக்குக்காரர் படியில் நின்றே சொல்லுவார். என் அறையில் பால் திரிந்திருப்பதை எனக்கு முன்னால் அவர்தான் சொன்னார்.

ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது. மூக்கும் போனது.

வெங்காயம் கருகிய அன்றே அவர் கண்காணிப்பாளரிடம் போய்ச் சொல்லிவிட்டார். மறைக்கத் தெரியாத மனிதர். கண்காணிப்பாளர் மேசையில் கண்ணாடிக்கு அடியில் தன் புகைப்படத்தையே வைத்திருக்கிறவர். பக்கத்தில் தலைமை எழுத்தர் நின்றிருந்தார். அந்த அலுவலகத்தில் கண்காணிப்பாளர் பேசுவார், தலைமை எழுத்தர் முடிவு செய்வார்.

"சளியா?" என்றார் கண்காணிப்பாளர்.

"சளி போயிடுச்சு சார். மூக்கும் கூடவே போயிடுச்சு."

"இருக்கே."

"இருக்கு சார். வேலை செய்யல."

கண்காணிப்பாளர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார்.

"சான்று இன்னும் காலாவதி ஆகல சார். அதுவரைக்கும் நல்லா வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம்."

"எனக்கே தெரியல சார், நாத்தம்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னு" என்றார் மூக்குக்காரர்.

"அதைச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்ல" என்றார் எழுத்தர். "கருவி பழுதுன்னு கருவியே சொல்ல முடியாது. பயன்படுத்துறவர் சொல்லணும்."

"பயன்படுத்துறதும் நான்தானே சார்."

"அப்ப பயன்படுத்துறவர்ங்கிற முறையில மேலதிகாரி வழியா மனுக் குடுங்க. கருவிங்கிற முறையில பேசாம இருங்க."

கண்காணிப்பாளருக்கு அது பிடித்துப்போயிற்று. தலையை ஆட்டிக்கொண்டே, "நீங்க இல்லேன்னா இந்த இடம் காலின்னு மேல எழுதணும். காலின்னா இடத்தையே எடுத்துருவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். போய் மோந்து பாருங்க" என்றார்.

மனுக் கொடுத்தார். மனு மேலே போயிற்று. மேலே என்பது மாடி. இவர் வேலைக்குப் போய்வந்தார். குப்பியைச் சூடாக்கினார், மூடியைத் திறந்தார், இரண்டு மூச்சு இழுத்தார், எண் போட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டார். தெரியாததை எழுதமாட்டார். அதுவரை அவர் மோந்து பார்க்காத ஓர் எண்ணை எழுதியதில்லை என்பது அவருடைய கர்வம். காலி இடத்தை வைத்துக்கொண்டு மாதச் சராசரி போட வராது என்று தலைமை எழுத்தர் அதையெல்லாம் பூஜ்யமாக நிரப்பினார். அந்த மாதம் ஊர்த் தண்ணீரின் சராசரி நாற்றம் இதுவரை இல்லாத அளவுக்கு இறங்கியது. தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது. கண்காணிப்பாளர் அதற்குச் சட்டம் போட்டு, வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டினார்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். மழைக்காலம் வந்தது. பல நாள் விடாத மழை. எங்கள் குடியிருப்பு குடிநீர் அலுவலகத்தின் ஊழியர்களுக்கென்று கட்டியது. மாடியில் என்னைப் போல வெளி ஆட்கள் சிலர் வாடகைக்கு இருக்கிறோம். முற்றத்தில் நீர் தேங்கியது. மழை விட்ட ஒரு காலையில் குழாயைத் திறந்தேன். அழுகிய முட்டையையும் ஈரச் சாக்கையும் ஒரே பானையில் போட்டுக் கிளறிய மாதிரி ஒரு நாற்றம் வந்தது. முதலில் என் கைதான் நாறுகிறது என்று நினைத்துச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அதே தண்ணீரில்.

எதிர்வீட்டில் அண்ணி பாத்திரம் பாத்திரமாகத் தண்ணீரைக் காய்ச்சினார். காய்ச்சக் காய்ச்ச வீடு முழுக்க நாற்றம். அதன் நடுவில் மூக்குக்காரர் நிம்மதியாக உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

குடியிருப்பிலிருந்து புகார் போனது. தலைமை எழுத்தர் மாதிரி எடுக்க ஆளனுப்பினார். எங்கள் குழாய்த் தண்ணீர் குப்பியில் ஏறி, சூடேறி, மூக்குக்காரரிடம் வந்தது. அவர் காலியாக விட்டார். எழுத்தர் நிரப்பினார். பதில் வந்தது: குடியிருப்பின் நீரில் நாற்றம் எதுவும் இல்லை என அங்கீகரிக்கப்பட்ட மூக்கால் உறுதி செய்யப்பட்டது.

அந்த வாரம் அவர்களுடைய மகள் படுத்துவிட்டாள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்லுகிறவள், வாந்தியும் பேதியுமாகத் துணி மாதிரி துவண்டு போனாள். ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி நீர் ஏற்றினார்கள். தண்ணீர்தான் காரணம் என்று டாக்டர் சொன்னார். திரும்பவும் இதே தண்ணீரைக் குடித்தால் அடுத்த தடவை இங்கே கொண்டுவர நேரம் இருக்காது என்றும் சொன்னார். பல் துலக்கக்கூட அந்தக் குழாயைத் தொடக்கூடாதாம். குழந்தையை வீட்டுக்குக் கூட்டிவந்த சாயங்காலம் நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். உள்ளே போன நேரம் சரியில்லை. திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே நின்றேன். யோசிப்பதற்குள் அண்ணி என்னையும் பேச்சில் சேர்த்துவிட்டார்.

"வா தம்பி. வந்து நீயே கேளு. இந்த வீட்டுல என்ன வாசனை?"

"அண்ணி..."

"சொல்லு. வெக்கப்படாத."

"கொஞ்சம்... நாத்தம்தான்."

"கேட்டீங்களா? தம்பிக்குத் தெரியுது. எனக்குத் தெரியுது. தெரு நாய்க்கு ஒரு கிண்ணம் வச்சேன், அது என்னைப் பாத்துட்டுப் போயிடுச்சு. நாய்க்குத் தெரியுது. ஊருல தெரியாத ஒரே ஆளு நீங்க, உங்களைத்தான் கேட்டு எழுதுறானுங்க."

மூக்குக்காரர் குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். "நான் ஒண்ணும் எழுதலையே" என்றார்.

"எழுதலேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. உங்க பேருல அவன் எழுதுறான். காலியா விடுறது யோக்கியமா?"

"தெரியாததை எப்படி எழுதச் சொல்ற?"

"என் மூக்கு சொல்லுது, உங்க கை எழுதட்டும்."

"அது பொய்யாயிடும்."

"நாறுற தண்ணியை நாறுதுன்னு சொன்னா பொய். நாறலேன்னா நெசம். நல்லாப் படிச்சீங்க. தெருவுல போறவனுக்கு யார் வீட்டுல என்ன கொதிக்குதுன்னு சொல்லத் தெரிஞ்சுது. பெத்த பொண்ணு குடிக்கிற தண்ணிக்கு வாய் வரல."

"வாய் இல்லம்மா, மூக்குதான் வரல."

"இதுல ஜோக்கு வேற."

குழந்தை கண்ணைத் திறந்து, "அப்பாவைத் திட்டாதம்மா, அப்பா மூக்கு தூங்குது" என்றது. யாரும் சிரிக்கவில்லை. நான் பழத்தை வைத்துவிட்டு மாடி ஏறினேன். அவரை ஒரு வார்த்தை திட்டவோ தேற்றவோ எனக்கு வாய் வரவில்லை. இரண்டில் எது சரி என்று இப்போதும் தெரியவில்லை.

மறுநாள் அவர் அலுவலகத்தில், தன்னை உடனே அளவு சரிபார்க்கும்படி கேட்டார். பழுது என்று தீர்ப்பாகிவிட்டால் வேறு ஊரிலிருந்து மூக்கு வரவழைப்பார்கள், உண்மை வெளியே வந்துவிடும் என்று கணக்குப் போட்டார். நான் இதற்குச் சாட்சி இல்லை. அவரே என்னிடம் சொன்னது, அண்ணியிடம் சொன்னதும் இதுவே.

சரிபார்ப்பது எப்படி என்றால், கரியில் வடிகட்டிய நீரைக் கொடுத்து எண் கேட்பார்கள். பூஜ்யம் என்று சொன்னால் மூக்கு சரி. மறு கோடியான ஐந்துக்கு ஒரு நாற்றக் கரைசல் இருந்தது. அது பல வருடத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது. தீர்ந்த புட்டியை நாற்றத்துக்காக யாரோ வெளியே எறிந்துவிட்டார்கள். புதிது வாங்க, பழைய காலிப் புட்டியை ஒப்படைக்க வேண்டும்.

"எண் சொல்லுங்க" என்றார் தலைமை எழுத்தர்.

"ஒண்ணும் தெரியல."

"பூஜ்யம். மிகச் சரி. வில்லை எடுத்துட்டு வரச் சொல்றேன்."

"இருங்க சார். பினாயில் குடுங்க. கழிவறையில வைப்பாங்களே, அது. அதைக் குடுத்துப் பாருங்க, உங்களுக்கே தெரியும்."

கண்காணிப்பாளர் தயங்கினார். எழுத்தர் ஆளனுப்பி ஒரு புட்டி பினாயில் வரவழைத்தார். மூடியைத் திறந்ததும் கண்காணிப்பாளர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். எழுத்தர் கைக்குட்டையை எடுத்தார். மூக்குக்காரர் புட்டியை மூக்குக்குள் சொருகாத குறையாக வைத்து இழுத்தார்.

"ஒண்ணும் இல்ல சார். பாத்தீங்களா?"

"பூஜ்யம்" என்று எழுத்தர் எழுதிக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார். பிறகு கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினார். "சார், இந்தப் பினாயில் தரமில்லாதது. இப்பதான் சரிபார்த்த மூக்கு, பூஜ்யம்னு சொல்லுது. எத்தனை புட்டி வாங்கிருக்கோம்னு பாக்கணும்."

"அடப்பாவி" என்றார் கண்காணிப்பாளர், பினாயில் விற்றவனை.

கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே பேசினார்களாம். அன்று மாலைக்குள் கழிவறைகளிலிருந்து பினாயில் புட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. பினாயில் கடைக்காரருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. அடுத்த நாளிலிருந்து அந்த அலுவலகக் கழிவறை எப்படி இருந்தது என்பதை எழுத எனக்குத் தெம்பில்லை.

மூக்குக்காரர் வீட்டுக்கு வந்து அடுப்படி வாசலில் உட்கார்ந்தார். அண்ணி உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். அடுத்த தெருவிலிருந்து குடத்தில் சுமந்து வந்த தண்ணீர் மூலையில் இருந்தது. சுமந்து சுமந்து அண்ணியின் இடுப்பில் பிடிப்பு வந்திருந்தது.

"நாலுன்னா எப்படி இருக்கும்னு ஒரு தடவை சொன்னீங்களே" என்றார் அண்ணி.

"நாலுன்னா, முட்டை அழுகினது. தூரத்துல வச்சாலே தெரியும். ஆனா வயித்தப் புரட்டாது. புரட்டினா அஞ்சு."

"இது புரட்டல. ஆனா பக்கத்துல நிக்க முடியல."

"அப்ப நாலு."

"சரி. நாலுன்னு தெரிஞ்சுடுச்சில்ல?"

அவர் ஒரு கிழங்கை எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். அது அவர் கையின் பழக்கம்.

அதற்குள் கீழ்த்தள வீடுகளில் இன்னும் இரண்டு பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். பெண்கள் கூட்டமாக அலுவலகத்துக்குப் போய் வாசலை மறித்தார்கள். நேரில் வந்து பார்ப்பதாகக் கண்காணிப்பாளர் வாக்குக் கொடுத்தார், கொடுத்தபடி வந்தார். எழுத்தர், குடைபிடிக்க ஓர் ஆள், அளவெடுக்க மூக்குக்காரர். இதை நான் பார்த்தேன். மாடிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு முழுவதும் பார்த்தேன்.

முற்றத்துக் குழாயைத் திறந்தார்கள். கண்காணிப்பாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கைக்குட்டையை எடுத்தார். எழுத்தர் ஏற்கெனவே எடுத்திருந்தார். குடைக்காரன் குடையை மூக்குக்கு நேராக இறக்கிக்கொண்டான்.

"நாறுதா சார்?" என்று அண்ணி கண்காணிப்பாளரைக் கேட்டார்.

"என்னைக் கேக்காதீங்கம்மா. என் மூக்கு சரிபார்த்த மூக்கு இல்ல."

"அப்ப ஏன் பொத்திக்கிறீங்க?"

"அது என் தனிப்பட்ட விஷயம்."

எழுத்தர் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரைப் பிடித்து மூக்குக்காரரிடம் நீட்டினார். அவர் வாங்கி வழக்கம்போல இரண்டு மூச்சு இழுத்தார். நிமிர்ந்து வீட்டு ஜன்னலைப் பார்த்தார். உள்ளே குழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. நோயில் கழுத்து மெலிந்து தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. பிறகு அண்ணியைப் பார்த்தார்.

"நாலு" என்றார்.

வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் மூக்கு சொல்லாத ஓர் எண்ணைச் சொன்ன மனிதர் குவளையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றார்.

"இதே குழாய்க்குப் போன வாரம் பூஜ்யம்" என்றார் எழுத்தர்.

"இப்ப நாலு."

"ஒரே தண்ணிக்கு ரெண்டு எண். அப்ப கருவி தடுமாறுது." எழுத்தர் கண்காணிப்பாளரிடம் திரும்பினார். "சார், விதிப்படி தடுமாறுற கருவியை உடனே வேலையிலருந்து எடுக்கணும்."

"அதைத்தானே நான் முதல்லருந்து சொல்றேன்" என்றார் மூக்குக்காரர்.

"அதனால இன்னைக்குச் சொன்ன நாலு செல்லாது. பழுதான கருவி சொன்னது. போன வாரம் சொன்ன பூஜ்யம் செல்லும். அன்னைக்குக் கருவி நல்ல நிலையில இருந்துச்சு, சான்று இருக்கு."

கண்காணிப்பாளர் கைக்குட்டைக்குள்ளிருந்து, "அப்ப நாத்தம் இல்ல" என்றார். இதைச் சொல்ல வாயைத் திறந்ததால் அவருக்குக் குமட்டிவிட்டது. குடைக்காரன் முதுகைத் தடவிக்கொடுக்க, ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தார். அப்படியே வண்டி ஏறிப் போனார்கள்.

மூக்குக்காரர் தலைகுனிந்து நின்றார். "பொய்யும் சொன்னேன், பலனும் இல்ல" என்றார்.

அண்ணி அவர் கையிலிருந்த குவளையை வாங்கித் தண்ணீரைக் கீழே ஊற்றினார். "சொன்னீங்கல்ல. போதும்" என்றார். பிறகு என்னை அண்ணாந்து பார்த்து, "தம்பி, வேடிக்கை பாத்தது போதும், இறங்கி வா" என்றார்.

குடியிருப்பில் ஒரு குழாய்க்காரர் இருந்தார். அதே அலுவலகத்தில் வேலை. முற்றத்துக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அலுவலகத்தின் மண்ணை அலுவலக உத்தரவு இல்லாமல் தொட்டால் வேலையும் போகும், வீடும் போகும். அதனால்தான் அதுவரை யாரும் தோண்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"அண்ணே, வந்து ஒரு கை பிடிங்க."

"நான் கடப்பாரையைத் தொட்டா வேலை உத்தரவு எண் வேணும் தங்கச்சி."

"தொட வேண்டாம். எங்க தோண்டணும்னு சொல்லுங்க."

"சொன்னாலும் தப்புதான்." தாடையைச் சொறிந்தார். "நான் பாட்டுக்கு அந்த மூலையில ஒரு நாற்காலி போட்டு உக்காந்து டீ குடிப்பேன். நாற்காலிக்கு முன்னாடி ஒருத்தர் தோண்டினா நான் என்ன பண்ண முடியும்? கடப்பாரை எங்க வீட்டுப் பின்னாடி கிடக்கு. அது கிடக்குறது எனக்குத் தெரியாது."

டீயோடு வந்து உட்கார்ந்தார். நாங்கள் தோண்டினோம். மூக்குக்காரர், நான், அண்ணி, கீழ்த்தளப் பெண்கள். மண் ஈரமாக இருந்ததால் மேலே சுலபமாக வந்தது, கீழே போகப் போகச் சேறாகி மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டது. என் உள்ளங்கை கொப்பளித்தது. குழாய்க்காரர் யாரையும் பார்க்காமல் காற்றோடு பேசிக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் போனா நல்லா இருக்கும்னு ஒருத்தருக்குத் தோணலாம்." "மெதுவா. வேகமா குத்தினா குழாய் பேசும்."

நாற்றம் பெருகப் பெருகப் பெண்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டார்கள். இறங்கி நிற்க முடிந்தவர் ஒரே ஒருவர்தான். மூக்குக்காரர் முழங்கால் அளவு சாக்கடைச் சேற்றில் நின்று கையால் அள்ளி அள்ளி வெளியே போட்டார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. குடிநீர்க் குழாய் ஒரு மூட்டில் அரித்துப்போய் வாய் பிளந்திருந்தது. அதன்மேல் கழிவுக் குழாய் ஒன்று, அலுப்புத் தீரத் தலைசாய்த்த மாதிரி சாய்ந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் குழாய்க்காரர் டீக் கோப்பையை வைத்துவிட்டார். "உத்தரவாவது மண்ணாவது" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். அடைப்பானை மூடி, அரித்த துண்டை அறுத்து, புதுத் துண்டு வைத்து முறுக்கி, கழிவுக் குழாயை நிமிர்த்திக் கல் முட்டுக் கொடுத்தார். சூரியன் சாயும்போது குழியை மூடினோம். அதன்பின் குழாயைத் திறந்துவிட்டுத் தொட்டி தொட்டியாகத் தண்ணீரை வெளியேற்றினோம். கடைசியில் தண்ணீர் தெளிந்தது.

அந்த வாரத்திலேயே கண்காணிப்பாளர் வந்தார், இந்தத் தடவை புகைப்படக்காரரோடு. குழாயைத் திறக்கச் சொன்னார். கைக்குட்டையை எடுக்கவில்லை. குனிந்து நன்றாக மூச்சை இழுத்தார்.

"எங்கம்மா நாத்தம்?"

"உங்க மூக்கு சரிபார்த்த மூக்கு இல்லையே சார்" என்றார் அண்ணி.

"நாத்தத்தைக் கண்டுபிடிக்கத்தான் சான்று வேணும். நாத்தம் இல்லேங்கிறதுக்கு வேண்டாம்" என்றார் எழுத்தர். "ஆக, முதல்ல குடுத்த அறிக்கை சரி."

இல்லாத நாற்றத்துக்காக முற்றத்தைத் தோண்டியது ஏன் என்று எல்லா வீட்டுக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கீழ்த்தளத்தில் ஓர் அம்மா அதில் கடலை மடித்துப் பிள்ளைக்குக் கொடுத்தார். குழாய்க்காரருக்குத் தனியாக ஒன்று வந்தது: பணி நாள் அல்லாத நாளில் டீ குடித்தது குறித்து.

மூக்குக்காரர் இப்போது கிடங்கில் உட்காருகிறார். பழுதான கருவிகளை அங்கேதான் வைப்பார்கள். ஒரு பக்கம் முள் உடைந்த தராசு, மறு பக்கம் பெட்டி பிரிக்காத அந்த இயந்திரம், நடுவில் இவருக்கு ஒரு ஸ்டூல். ஏலம் வரும்வரை கருவி இடத்தை விட்டு நகரக்கூடாது என்பதால் மதியச் சாப்பாட்டுக்குக்கூட வெளியே விடுவதில்லை. அண்ணி சாப்பாட்டில் இப்போது வெங்காயமும் பூண்டும் தாராளமாகப் போடுகிறார். "யாராவது ஏலத்துல கேட்டா யோசிச்சுக் குடுக்கச் சொல்லுங்க. நான் ஒரு நல்ல ஆளாப் பாத்துச் சொல்றேன்" என்று தூக்குவாளியைக் கொடுக்கும்போது சொல்கிறார். அவரும் சிரிக்கிறார். வேறு ஊரிலிருந்து மூக்கு வரவில்லை. ஊர்த் தண்ணீரின் எண்கள் மாதாமாதம் காலியாகவே வருகின்றன. சராசரி பூஜ்யத்தில் நிற்கிறது. இரண்டாவது பாராட்டும் சட்டத்துக்குள் ஏறிவிட்டது.

நேற்று நான் கல்லூரியில் வகுப்பு முடிந்து வரும்போது அவர்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே குழந்தை பள்ளிக்கூடப் பையை எறிந்துவிட்டுத் தண்ணீர் கேட்டது. மூக்குக்காரர் குழாயில் ஒரு குவளை பிடித்தார். பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோய்ச் சிறுசிறு மூச்சாக இரண்டு தடவை இழுத்தார். பிறகு குவளையை அண்ணியிடம் நீட்டினார்.

அண்ணி கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வாங்கி மோந்து பார்த்தார். அவசரப்படவில்லை. குழந்தை கையை நீட்டியபடி நின்றது.

"எவ்வளவு?" என்று கேட்டார் அவர்.

"பூஜ்யம்" என்று சொல்லிவிட்டு, குழந்தையிடம் கொடுத்தார் அண்ணி.